உஹுருவும் உஹுராவும்

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்பிசி அலைவரிசையில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. எண்டர்பிரைஸ் என்ற விண்கலத்தில் தகவல் தொடர்பு அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண் இருந்தாள். பதவி லெப்டினன்ட், பெயர் உஹுரா. அந்தப் பகுதியில், வேண்டிய உருவம் எடுக்கக்கூடிய வேற்றுலக உயிர் ஒன்று ஆப்பிரிக்க இளைஞனாக மாறி வந்து அவளிடம் ஸ்வாஹிலி மொழியில் பேச்சுக் கொடுக்கும். அமெரிக்க வரவேற்பறைகளில் அந்த மொழி கேட்பது அதுவரை அரிது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயத்தைத் தொடர் முதல் நாளே கொடுத்துவிட்டது.

அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். அவருடைய சொந்தப் பெயரும் செய்துகொண்ட பெயர்தான். 1932 டிசம்பர் 28 அன்று இலினாய் மாநிலத்தின் ராபின்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தபோது பெற்றோர் வைத்தது கிரேஸ் டெல் நிக்கல்ஸ். ராபின்ஸ், சிகாகோவுக்குத் தெற்கே கறுப்பின மக்கள் தாங்களே அமைத்து ஆண்ட ஊர். அவருடைய தந்தை அங்கே மேயராக இருந்தவர். 1930களின் தொடக்கத்தில், வெள்ளையர் விமான நிலையங்களில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின விமானிகள் சிலர் இந்த ஊரில்தான் தங்களுக்கென்று ஓர் ஓடுதளம் அமைத்துக்கொண்டார்கள்.

கிரேஸி, கிரேஸி என்று எல்லோரும் கூப்பிட்டது வளரிளம் பருவத்தில் அவருக்குப் பிடிக்கவில்லை. முதலில் மிஷெல் என்று வைக்கத்தான் நினைத்திருந்தேன் என்று தாய் சொன்னார். மகளுக்கு மர்லின் மன்றோ மீது பெரும் பிரியம். அந்த நடிகையின் பெயர்போல இரண்டு சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்கட்டும் என்று மிஷெல், நிஷெல் ஆயிற்று. மிஷெல் என்பது மிக்கேல் என்ற ஆண்பெயரின் பிரெஞ்சுப் பெண்வடிவம். கடவுளுக்கு நிகர் யார் என்ற எபிரேயக் கேள்வி அதற்குள் இருக்கிறது. நிக்கல்ஸ் என்ற குடும்பப் பெயரோ நிக்கோலாஸ் வழி வந்தது. கிரேக்கத்தில் நீகே என்றால் வெற்றி, லாவோஸ் என்றால் மக்கள். மிஷெலின் முதலெழுத்தை எடுத்துவிட்டு நிக்கல்ஸின் முதலெழுத்தை வைத்தபோது எபிரேயப் பொருள் மறைந்தது. பின்னாளில் நிஷெல் என்ற பெயருக்கு வெற்றிமகள் என்று பொருள் சொன்னார்கள். அகராதி அதை ஏற்காது. ஆனால் மக்கள் காதில் விழும் ஒலியைக்கொண்டு ஒரு பெயருக்குப் பொருள் கட்டுவதும் பெயர் வரலாற்றின் பகுதிதான். ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

நிஷெல் முதலில் ஆடினார், பாடினார். டியூக் எலிங்டன், லயனல் ஹாம்ப்டன் ஆகியோரின் இசைக்குழுக்களோடு ஊர் ஊராகச் சென்றார். 1959இல் வந்த 'போர்கி அண்ட் பெஸ்' திரைப்படத்தில் ஆடியவர்களில் ஒருவர். தொலைக்காட்சியில் அவருக்குக் கிடைத்த முதல் குறிப்பிடத்தக்க வேடம், ஜீன் ராடன்பெரி உருவாக்கிய 'தி லெப்டினன்ட்' என்ற படைமுகாம் தொடரில். படைக்குள் இருக்கும் இனவெறுப்பைப் பற்றிய பகுதி அது. அதே ராடன்பெரி அடுத்து விண்வெளித் தொடர் ஒன்றைத் திட்டமிட்டபோது நிஷெலை நினைவில் வைத்திருந்தார்.

பெயர் பிறந்த கதையை நிஷெல் பலமுறை சொல்லியிருக்கிறார். 'பியாண்ட் உஹுரா' என்ற தன்வரலாற்றிலும் அது இருக்கிறது. நடிப்புத் தேர்வுக்குப் போனபோது அவர் கையில் ராபர்ட் ருவார்க் எழுதிய நாவல் ஒன்று இருந்தது. 1962இல் வெளிவந்த அதன் பெயர் 'உஹுரு'. புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ராடன்பெரிக்குச் சொல் பிடித்துவிட்டது, ஆனால் ஒரு பெண்பாத்திரத்துக்குக் கொஞ்சம் கடுமையாக இருக்குமோ என்று தயங்கினார். கடைசி எழுத்தை மென்மையாக்கி உஹுரா என்று வைக்கலாமே என்றார் நிஷெல். அந்தப் பாத்திரத்தின் பெயரைச் செதுக்கியதில் நடிகைக்கே பங்கு உண்டு என்பது இதனால் தெரிகிறது.

ருவார்க் அமெரிக்க வெள்ளையர்; வேட்டைக்காரர். அவர் நாவல் விடுதலைக்கு முந்தைய கென்யாவைக் குடியேறிய வெள்ளையரின் கண்ணோடு பார்க்கும் நாவல். உஹுரு என்ற சொல் அவர்களுக்கு அச்சம் தந்த சொல். அந்த அட்டையிலிருந்து சொல்லை மட்டும் எடுத்து, ஆப்பிரிக்க வழிவந்த ஒரு பெண்ணுக்கு, அதுவும் மூன்று நூற்றாண்டு கழித்து வரப்போகும் ஒருத்திக்குச் சூட்டினார்கள். சொல் கைமாறிய இந்த இடம்தான் என்னை மிகவும் ஈர்க்கிறது.

உஹுரு என்றால் ஸ்வாஹிலியில் விடுதலை. பிரித்தால் உ + ஹுரு. ஹுரு என்ற அடிச்சொல் அரபியிலிருந்து வந்தது. அரபியில் ஹுர் என்றால் சுதந்திரமானவன், அடிமை அல்லாதவன். அதே வேரில் பிறந்த ஹுர்ரிய்யா உருதுவுக்குள் போய் ஹுரியத் ஆயிற்று. காஷ்மீர்ச் செய்திகளில் நாம் அடிக்கடி படித்த ஹுரியத் மாநாடும் எண்டர்பிரைஸ் கலத்தின் உஹுராவும் ஒரே வேரின் கிளைகள். இந்துமாக்கடலின் பருவக்காற்றில் பாய்விரித்து வந்த அரபு வணிகர்களோடு கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிய நூற்றுக்கணக்கான சொற்களில் ஹுர் ஒன்று.

முன்னால் நிற்கும் உகரம் ஆப்பிரிக்காவுக்கே உரியது. தமிழில் இளமை, பெருமை என்று பண்புப்பெயரின் விகுதி சொல்லின் கடைசியில் வரும். ஸ்வாஹிலி உள்ளிட்ட பாண்டு மொழிகளில் அந்த வேலையைச் சொல்லின் முதலில் வரும் ஒட்டு செய்கிறது. ம்டோட்டோ என்றால் குழந்தை. உடோட்டோ என்றால் குழந்தைப் பருவம். ம்டும்வா என்றால் அடிமை. உடும்வா என்றால் அடிமைத்தனம். டுமா என்ற வினைக்கு அனுப்பு என்று பொருள். ஆகவே ம்டும்வா என்பவர், சொல்லின்படி பார்த்தால், அனுப்பப்பட்டவர். பிறர் ஏவலுக்குப் போய் வருபவர். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்டது. அந்தக் கரையில் உடும்வா, உஹுரு என்ற இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தவை. ஓர் ஆள் இன்னொருவரின் உடைமையா இல்லையா என்ற கேள்விக்கு விடையாக நின்ற சொல், இருபதாம் நூற்றாண்டில் ஒரு நாடு இன்னொரு நாட்டின் உடைமையா என்ற கேள்விக்கு விடையாக விரிந்தது.

விரிந்த வேகம் பெரிது. 1961 டிசம்பர் 9 அன்று, இன்று டான்சானியாவின் பகுதியான டாங்கனிக்கா விடுதலை பெற்றது. அங்கே ஜெர்மானியர் கைசர் வில்ஹெல்ம் பெயரால் அழைத்த கிளிமஞ்சாரோவின் 5,895 மீட்டர் உச்சிக்கு உஹுரு என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு பிறந்த தன் மகனுக்குக் கென்ய விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டா உஹுரு என்று பெயரிட்டார். அந்த மகன் பின்னாளில் கென்யாவின் அதிபரானார். 1963 டிசம்பர் 12 அன்று கென்யா விடுதலை பெற்றபோது தெருவெங்கும் இந்தச் சொல்தான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் உரிமைப் போராட்டத்தின் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. ஆப்பிரிக்க விடுதலைச் செய்திகளை அவர்கள் தம் வீட்டுச் செய்தியாகப் படித்தார்கள். 1966இல் சிகாகோப் பக்கத்துப் பெண்ணுக்கு உஹுரு புரியாத சொல்லாக இருந்திருக்க முடியாது.

இனி அந்தக் கடைசி எழுத்து. பெண்பெயர் ஆகாரத்தில் முடிய வேண்டும் என்பது லத்தீன் வழிவந்த ஐரோப்பியப் பழக்கம். ஸ்வாஹிலியில் ஆண்பால், பெண்பால் என்ற இலக்கண வேறுபாடே இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே பிரதிப்பெயர். உஹுரு என்பது அந்த மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். மென்மையாக்க வேண்டிய தேவை சொல்லிடம் இல்லை, கேட்கப்போகும் காதுகளிடம் இருந்தது. ஸ்வாஹிலி அகராதியில் உஹுரா என்று சொல்லே கிடையாது. நைரோபித் தெருவில் முழக்கமாக ஒலித்தது ஹாலிவுட் மேசையில் மெல்லிய பெயராயிற்று. இதை ஓர் இழப்பு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. பொருளற்ற உஹுராவை, பின்வந்த ஆண்டுகளில் தன் வாழ்க்கையால் உஹுருவுக்கு மிக அருகில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நிஷெல்.

தொடரில் அவருக்குப் பெரிய இடம் தரப்படவில்லை. எழுதப்பட்ட வசனங்கள் படப்பிடிப்புக்கு முன் குறைந்துகொண்டே போயின. அழைப்பு அலைவரிசைகள் திறந்துள்ளன என்று கேப்டனிடம் சொல்வதுதான் அவருடைய நிரந்தர வசனம். 1967இல் வந்த 'தி சேஞ்ச்லிங்' என்ற பகுதியில் உஹுராவின் நினைவுகள் முழுக்க அழிக்கப்படும். அவள் மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும்போது திணறி, ஸ்வாஹிலிக்குத் தாவிவிடுவாள். எல்லாம் அழிந்த பிறகும் அந்த மொழி எஞ்சியிருந்தது என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். அந்தச் சிறு காட்சிக்காக அவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

முதல் பருவம் முடிந்ததும் நிஷெல் விலக முடிவுசெய்து ராடன்பெரியிடம் கடிதமும் கொடுத்துவிட்டார். பிராட்வே மேடை அவரை இழுத்தது. அந்த வார இறுதியில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பின் விழாவில் உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்று அழைத்துப்போனார்கள். நின்றவர் மார்ட்டின் லூதர் கிங். தன் பிள்ளைகள் கண்விழித்துப் பார்க்கத் தானும் மனைவியும் அனுமதிக்கும் தொடர் அது ஒன்றுதான் என்று சொன்னார் கிங். விலகப்போகிறேன் என்றதும் கூடாது என்று தடுத்தார். முதன்முறையாக எங்களை, நாங்கள் இருக்க வேண்டிய விதத்தில் உலகம் பார்க்கிறது என்ற கருத்தில் அவர் பேசினார் என்று நிஷெல் கடைசிவரை நினைவுகூர்ந்தார். திங்கட்கிழமை திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தார். 1968 நவம்பர் 22 அன்று வந்த பகுதியில் கேப்டனாக நடித்த வில்லியம் ஷாட்னருக்கும் அவருக்கும் இடையே வரும் முத்தக் காட்சி பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இங்கே நீட்டத் தேவையில்லை.

அதே காலத்தில் உஹுரு என்ற மூலச்சொல்லும் தனி வழியில் விண்வெளிக்குப் போனது. 1970 டிசம்பர் 12, கென்யாவின் ஏழாம் விடுதலை நாள். கென்யக் கடற்கரைக்கு அப்பால் இத்தாலியர் அமைத்திருந்த சான் மார்கோ மேடையிலிருந்து நாசாவின் செயற்கைக்கோள் ஒன்று ஏவப்பட்டது. எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே செய்யப்பட்ட முதல் செயற்கைக்கோள் அது. ஏவிய இடத்தையும் நாளையும் மதித்து அதற்கு உஹுரு என்று பெயர் வைத்தார்கள். வானில் 300க்கும் மேற்பட்ட எக்ஸ் கதிர் மூலங்களை அது பட்டியலிட்டது. ரிக்கார்டோ ஜியாக்கோனி 2002இல் பெற்ற நோபல் பரிசுக்குப் பின்னால் இந்தச் செயற்கைக்கோளின் பணியும் இருக்கிறது.

ஏழு ஆண்டு கழித்து உஹுராவும் நாசாவுக்கு வந்தார். விண்வெளி ஓடத்துக்குப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெண்களும் கறுப்பினத்தவரும் மிகக் குறைவாகவே விண்ணப்பித்தார்கள். அதுவரை அமெரிக்கா அனுப்பிய எல்லோரும் வெள்ளை ஆண்கள். இப்போது மட்டும் நம்மை எடுப்பார்களா என்ற ஐயம் நியாயமானது. நாசா நிஷெலின் உதவியைக் கேட்டது. 1977இல் தன் 'விமன் இன் மோஷன்' நிறுவனம் மூலம் அவர் நாடெங்கும் போய்ப் பல்கலைக்கழகங்களிலும் கூட்டங்களிலும் பேசினார். தகுதியுள்ளவர்களை நான் கொண்டுவந்த பிறகும் ஒருவரையும் எடுக்காவிட்டால் உங்கள் மீது நானே புகார் எழுப்புவேன் என்று அதிகாரிகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்ததாக அவர் பிறகு கூறினார். 8,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. 1978 ஜனவரியில் 35 பேர் தேர்வானார்கள். ஆறு பேர் பெண்கள். சாலி ரைட், ஜூடித் ரெஸ்னிக் அவர்களில் இருவர். கறுப்பின ஆண்கள் மூவர்: கையன் புளூஃபோர்ட், ஃபிரெடெரிக் கிரெகரி, ரொனால்ட் மெக்நேர். 1986இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்தபோது ரெஸ்னிக்கும் மெக்நேரும் அதில் இருந்தார்கள்.

சிகாகோவில் வளர்ந்த மே ஜெமிசன் என்ற சிறுமி உஹுராவைப் பார்த்துத் தான் விண்வெளிக்குப் போகலாம் என்று நம்பினாள். 1992 செப்டம்பர் 12 அன்று எண்டெவர் விண்வெளி ஓடத்தில் ஏறி, விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். பணிநேரம் தொடங்கும்போதெல்லாம் அந்த அழைப்பு அலைவரிசை வசனத்தைச் சொல்லித் தரைக் கட்டுப்பாட்டை அழைத்தார். ஐம்பது நிமிடத் தொடரில் மிச்சமாய் ஒதுக்கப்பட்ட வசனம் அது.

இத்தனைக்கும் உஹுராவுக்கு முதல் பெயர் கிடையாது. கேப்டனுக்கு ஜேம்ஸ் இருந்தது, மருத்துவருக்கு லெனார்ட் இருந்தது. அவள் உஹுரா மட்டும்தான். 1982இல் வில்லியம் ராட்ஸ்லர் என்ற எழுத்தாளர் பாத்திரங்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் புத்தகமாக எழுதும்போது அவளுக்கு நியோட்டா என்று பெயர் வைத்தார். ஸ்வாஹிலியில் நியோட்டா என்றால் விண்மீன். ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள், திரை ஏற்றுக்கொள்ள மேலும் 27 ஆண்டுகள் ஆயின. 2009ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஸோயி சல்டானா உஹுராவாக வந்தபோதுதான் அந்தப் பெயர் முதன்முதலாக உரக்கச் சொல்லப்பட்டது. இரண்டையும் சேர்த்து விடுதலை விண்மீன் என்று பொருள் எழுதுகிறார்கள். இலக்கணப்படி நியோட்டா யா உஹுரு என்று, நடுவே யா என்ற இணைப்பும் இறுதியில் உகரமும் இருந்தால்தான் அந்தப் பொருள் வரும். பெயர்கள் இலக்கணத்துக்குக் காத்திருப்பதில்லை.

2022 மே மாதம் வெளிவரத் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' என்ற புதிய தொடரில் செலியா ரோஸ் குடிங் இளம் உஹுராவாக நடித்தார். அதன் இரண்டாம் பகுதியில் உஹுரா தன் ஊரைச் சொல்கிறாள்: கென்யா. அவளுக்கு 37 மொழிகள் தெரியும். ஒரு நாவலின் அட்டையிலிருந்து எடுத்த பெயருக்கு, அந்தச் சொல் முழங்கிய நாட்டையே பிறந்த நாடாக எழுதிக்கொடுக்க 56 ஆண்டுகள் ஆகியிருந்தன. நிஷெல் அப்போது உயிரோடு இருந்தார். அதே ஆண்டு ஜூலை 30 அன்று, 89 வயதில், நியூ மெக்சிகோவில் இறந்தார்.