பெருநாள் காலமும் தபால்காரர் சங்கமும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே தோட்டத்து ஆபிசில் வாழ்த்து அட்டைகள் குவிந்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று கோலா தெர்லாவுக்குத் தபால் பை வரவேண்டுமானால் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலைதான் வழி. அட்டை ஒரு நாள் தாமதித்தாலும் தபால்காரரைக் குறை சொல்வோம். அவருக்கும் சம்பளக் குறை உண்டு, அதைப் பேச ஒரு சங்கம் உண்டு என்று நாம் நினைத்ததில்லை. வேலை மலைபோல் குவியும் பெருநாள் காலத்தில் அந்தச் சங்கம் தன் உறுப்பினருக்கு என்ன ஆலோசனை சொல்வது? இது எளிதான கேள்வியல்ல.

நமக்கு அருகில் நடந்த ஒரு போராட்டத்தைப் பார்ப்போம். 1952 மே 13ஆம் தேதி சிங்கப்பூரில் ஏறத்தாழ 500 தபால்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்களில் மலாய்க்காரரும் இந்தியரும் மிகுதி. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டிருந்தது. வேலைநிறுத்தம் என்றாலே அரசு சந்தேகக் கண்ணோடு பார்த்த நேரம் அது. தலைமைத் தபால் நிலையத்தில் ஆயுதம் தாங்கிய கூர்க்கா காவலரை நிறுத்தினார்கள். கடிதம் கொடுக்கிற மனிதருக்கு எதிரே துப்பாக்கி எதற்கு என்று ஊர் மக்களே கேட்கும்படி ஆயிற்று.

அதற்குச் சில மாதம் முன்பே சங்கத்தார் ஓர் இளம் வழக்கறிஞரை நாடியிருந்தார்கள். அவர் லீ குவான் இயூ. கட்டணம் வாங்காமல் சட்ட ஆலோசகராக இருந்தார். அரசுக்கு எழுதும் பதிலும் பத்திரிகைக்குத் தரும் அறிக்கையும் அவர் பார்வைக்குப் போயின. சட்டத்தை மீறாதே, கோரிக்கையைத் தெளிவாக வை, பொதுமக்களைப் பகைத்துக்கொள்ளாதே என்பதே அந்தப் போராட்டம் சென்ற பாதை. ‘சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் தபால்காரருக்காக எழுதியவர் எஸ். இராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை அவர். தந்தையார் ரப்பர்த் தோட்ட மேற்பார்வையாளர். நம் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது.

ஏறத்தாழ இரண்டு வாரத்தில் போராட்டம் முடிந்தது. பேச்சுவார்த்தையில் தபால்காரருக்குச் சலுகைகள் கிடைத்தன. அந்த மாத இறுதியில் நோன்பு மாதம் பிறந்தது; பெருநாள் வாழ்த்துகளைச் சுமக்கும் வேளையில் தபால்காரர்கள் வேலையில் இருந்தார்கள்.

காலம் தவறிய போராட்டமும் உண்டு. பிரிட்டனில் கிறிஸ்துமஸ் தபாலையெல்லாம் கொடுத்து முடித்தபின், 1971 ஜனவரி 20ஆம் தேதி தபால் ஊழியர் வேலையை நிறுத்தினார்கள். கடிதம் குறைவான மாதம், தொலைபேசியும் ஓடிக்கொண்டிருந்தது. 47 நாள் பட்டினியோடு நின்று, சங்கத்தின் கையிருப்பும் கரைந்து, கேட்ட உயர்வு கிடைக்காமலே திரும்பினார்கள். அப்படியானால் பெருநாளுக்கு முன்பே நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றும். கனடாவில் அதைச் செய்தார்கள். 2024 நவம்பர் 15இல் ஏறத்தாழ 55,000 பேர் இறங்கினார்கள். கிறிஸ்துமஸ் பொட்டலங்கள் தேங்கின, சிறு வியாபாரிகள் புலம்பினார்கள், அரசு தலையிட்டது. டிசம்பர் 17இல் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. உடன்பாடு மட்டும் ஏற்படவில்லை. முந்தினாலும் இடி, பிந்தினாலும் இடி.

நம் நாட்டில் நாட்காட்டியைச் சட்டமே கையில் கொடுத்திருக்கிறது. 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி தபால் ஓர் அத்தியாவசியச் சேவை. அறிவிப்புக் கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது; கொடுத்த பிறகும் 21 நாள் பொறுக்க வேண்டும். தீபாவளி வாரத்தில் கோபம் வந்தால் அன்றே கதவடைப்பதற்கில்லை. ஆகவே விவரமறிந்த சங்கம், பெருநாள் நெருங்குமுன்பே கூடுதல் நேரக் கூலி, பையின் எடை, தற்காலிக ஆள் ஆகியவற்றைப் பேசி எழுத்தில் வாங்கிவிடும். வாய்ச்சொல்லை நம்பிப் பை தூக்கியவர்கள் பின்னால் கணக்குக் கேட்டு அலைவதுண்டு. கொழுந்து நிறுவையில் நமக்குத் தெரியாததா?

1992 ஜனவரி முதல் தேதி நம் தபால் சேவை போஸ் மலேசியா என்னும் நிறுவனமாயிற்று. வாழ்த்து அட்டை அருகிவிட்டது. இன்று பெருநாள் காலத்தில் மலையேறி வருபவை துணிப் பொட்டலமும் பலகாரப் பெட்டியும், காகிதத்தைவிடக் கனமானவை.