நிவாரண இன்ஹேலர்

ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சு முட்டும்போது, சுருங்கிய மூச்சுக்குழாய்களைச் சில நிமிடங்களில் விரித்துவிடும் மருந்தைத் தரும் கைக்கருவி நிவாரண இன்ஹேலர். பெரும்பாலும் இதில் இருப்பது சால்பியூட்டமால். ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் மருந்து வெளிவரும். ஐந்து நிமிடத்துக்குள் வேலை தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரம் பலன் நிற்கும்.

இழுப்பு, இரைப்பு, வீசிங் என்றெல்லாம் வீடுகளில் சொல்லப்படும் ஆஸ்துமா, மூச்சுக்குழாய்களின் நாள்பட்ட அழற்சி. தூசுப்பூச்சி, கரப்பான், மகரந்தம், சளிக்காய்ச்சல், கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை, குளிர்காற்று என ஏதேனும் ஒன்று தூண்டினால், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உள்சுவர் வீங்கும், சளி கெட்டியாகி அடைக்கும். மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவது கடினமாகி, நெஞ்சில் விசில் போன்ற ஒலி கேட்கும். இந்த மூன்றில் சால்பியூட்டமால் சரிசெய்வது தசை இறுக்கத்தை மட்டுமே. வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைக்க உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு தேவை. இந்த வேறுபாடு புரியாததால்தான் நிவாரண இன்ஹேலர் பலரிடம் தவறாகப் பயன்படுகிறது.

அளவாக மருந்து பீய்ச்சும் இன்ஹேலர், அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத்தில் உருவாகி 1956இல் விற்பனைக்கு வந்தது. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல ஆஸ்துமா மருந்தும் ஏன் வரக்கூடாது என்று நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் மகள் கேட்டதே தொடக்கம். அப்போதைய மருந்தான ஐசோபிரினலின் இதயத்தையும் சேர்த்து விரட்டியது. 1960களில் பிரிட்டன் முதலிய நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் கூடியதற்கு அதன் வீரியம் மிகுந்த வகையுடன் தொடர்பு இருப்பதாகக் கருதப்பட்டது. இங்கிலாந்தின் ஆலன் அண்ட் ஹன்பரிஸ் நிறுவனத்தில் டேவிட் ஜாக் குழுவினர் கண்டறிந்த சால்பியூட்டமால், நுரையீரலையே பெரிதும் குறிவைப்பது. 1969இல் வெண்டோலின் என்ற பெயரில் வெளிவந்தது.

கருவி எளிமையாகத் தெரிந்தாலும் சரியாகப் பயன்படுத்துவோர் குறைவு. குலுக்கிவிட்டு, மூச்சை முழுதும் வெளியே விட்டு, வாயில் இறுகப் பொருத்தி, மெதுவாக இழுக்கத் தொடங்கும் கணத்திலேயே அழுத்த வேண்டும். இழுத்து முடித்தபின் பத்து விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். அடுத்த அழுத்தத்துக்கு அரை நிமிடமாவது பொறுப்பது நல்லது. அவசரமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். கையும் மூச்சும் ஒத்துவராதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்பேசர் என்னும் இடைக்குழல் அவசியம். இந்தியாவில் பரவலாக உள்ள ரோட்டாஹேலருக்கு முறையே வேறு: அதிலுள்ள உலர்பொடியை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும்.

இன்ஹேலர் பழகிவிடும், அது கடைசிக்கட்ட மருந்து என்ற அச்சத்தில் மாத்திரையே போதும் என்பவர்கள் நம்மிடையே நிறைய. கணக்கு நேர்மாறானது. 4 மில்லிகிராம் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று, 40 முறை அழுத்தும் அளவுக்குச் சமம். அதுவும் ரத்தத்தின் வழியே உடலெங்கும் சுற்றித்தான் நுரையீரலை அடைகிறது. கைநடுக்கமும் படபடப்பும் அதில் கூடுதல்.

கடுமையாக இழுக்கும்போது நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் கற்பிக்கப்படும் முதலுதவி முறை நினைவில் வைக்க எளிது: ஸ்பேசர் வழியே ஒவ்வொன்றாக நான்கு அழுத்தம், ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு, பிறகு நான்கு நிமிடம் காத்திருப்பு. குறையாவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை இதையே தொடரலாம். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியாமை, உதடு நீலம்பாய்தல், மயக்கம் ஆகியவை தெரிந்தால் காத்திருக்கவே கூடாது. விசில் ஒலி திடீரென அடங்கிப்போவதும் நல்ல அறிகுறியல்ல. காற்றே உள்ளே போகவில்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

வீக்கத்தைக் கவனிக்காமல் நிவாரண இன்ஹேலரையே நம்பியிருப்பதும் ஆபத்து. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014இல் வெளியான தேசிய அறிக்கையில், எத்தனை நிவாரண இன்ஹேலர் பரிந்துரைக்கப்பட்டன என்ற விவரம் தெரிந்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12க்கும் அதிகமாகப் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. 2019இல் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல் அமைப்பான ஜினா, பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியே கொடுப்பதைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டும் ஃபார்மோட்டிராலும் சேர்ந்த இன்ஹேலரையே நிவாரணத்துக்கும் பயன்படுத்துவது இப்போது அவ்வமைப்பின் முதல் தேர்வு.