மலைநாட்டில் ஒரு சித்திரகவி

சித்திரகவியை வானொலியிலே பாடிக் காட்டுதல் அரிது. மற்றைப் பாடல்களுக்குச் செவி ஒன்றே போதும். இதற்குக் கண்ணும் வேண்டும். ஆகவே நேயர்கள் தத்தம் மனத்திலே ஒரு வெற்றுத் தாளை விரித்துக்கொண்டு கேட்பார்களாக.

அத்தாளில் வரிசைக்கு எட்டாக எட்டு வரிசைக் கட்டங்கள் வரையுங்கள். மொத்தம் 64 கட்டங்கள். அடிக்கு எட்டெழுத்தாக நான்கடி கொண்ட செய்யுள் ஒன்றை, மேலிருந்து கீழாக நான்கு வரிசையிலும், பின்பு கீழிருந்து மேலாக எஞ்சிய நான்கு வரிசையிலும், கட்டத்துக்கோர் எழுத்தாக இடுங்கள். இப்பொழுது எந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாலும் அதே செய்யுள் வருதல் வேண்டும். இதுவே சருப்பதோபத்திரம் எனப்படுவது. வேறொன்று கோமூத்திரி. எருது நடந்துகொண்டே நீர்விடும்போது புழுதியில் ஒரு நெளிகோடு விழுமன்றோ? இரண்டு அடிகளை மேலும் கீழுமாக எழுதி, அந்த நெளிகோடு போல மாறிமாறிப் படித்தாலும் அதே அடிகள் கிடைப்பது கோமூத்திரி. உழவரின் கண்ணுக்குப் பழகிய காட்சியிலிருந்தே புலவர் இப்பெயரைப் பெற்றனர். நாகபந்தமோ பின்னிப் பிணைந்த இரு பாம்புகளின் உடலில் இரண்டு வெண்பாக்களை எழுதுவது. உடல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் நிற்கும் எழுத்து இரு வெண்பாவுக்கும் பொதுவாதல் வேண்டும்.

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவியை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். 12ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தண்டியலங்காரம் மேற்கூறிய மூன்றோடு மாலைமாற்று, சுழிகுளம், சக்கரம் முதலியவற்றையும் சேர்த்து இவற்றுக்கு இலக்கணம் கூறுகின்றது. அதற்கு நெடுங்காலம் முன்னரே திருஞானசம்பந்தர் மாலைமாற்றாக ஒரு பதிகமே பாடிவிட்டார். முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் மாறாதது மாலைமாற்று. ‘விகடகவி’ என்னும் சொல் இதற்குச் சிறுவரும் அறிந்த எடுத்துக்காட்டு. தமிழில் இதனை ஆக்குவோர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. புள்ளி பெற்ற எழுத்து நம் மொழியில் சொல்லுக்கு முதலாக வாராது. சொல்லின் இறுதியில் நிற்கும் மெய்யோ, திருப்பிப் படிக்கும்போது முதலில் வந்து நின்றுவிடும். எனவே புலவன் மெய்யெழுத்தைக் கண்டு அஞ்சி அஞ்சி நடக்கவேண்டியவனாகிறான்.

இத்தகைய பாக்களை வெறும் எழுத்து விளையாட்டு என்று இகழ்வோர் உளர். அவ்விகழ்ச்சி பலவிடத்துப் பொருந்தும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கட்டத்தை நிரப்பும் கவலையில் கருத்தைக் கைவிட்ட செய்யுட்கள் ஏராளம். ஆயினும் இக்கலை எங்கே நிகழ்ந்தது என்பது சில வேளைகளில் எத்துணை நன்றாக நிகழ்ந்தது என்பதினும் முதன்மையானதாகிவிடுகின்றது. தமிழகத்து மடங்களிலும் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலும் சித்திரகவி எழுந்ததில் வியப்பில்லை. இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் அஃது எழுந்தது என்பதே பலர் அறியாத செய்தி.

கண்டிக்கு அப்பால் தெல்தோட்டைப் பகுதியிலுள்ள போப்பிட்டி என்னும் ஊரில், இராவுத்தர் குடும்பமொன்றில், 1866ஆம் ஆண்டு பிறந்தவர் அப்துல் காதிறுப் புலவர். அக்காலத்தில் அம்மலைகள் கோப்பி மலைகளாகவே இருந்தன. அவர் பிறந்த மறு ஆண்டு, 1867இல், ஏவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. ஆக, கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்த காலத்திலே அவர் வளர்ந்தார். ‘அருள்வாக்கி’ எனப் பெயர் பெற்ற அவர் இயற்றியவற்றுள் கண்டிக் கலம்பகம், கண்டி நகர்ப் பதிகம் என்பன மலைநகரையே பாட்டுடைத் தலமாக்கின. அவற்றோடு எண்ணப்படும் நூல் சித்திரக்கவிப் புஞ்சம். புஞ்சம் என்றால் திரள். ஒன்றிரண்டு பாடிப் பார்த்து விட்டவர் அல்லர் அவர் என்பதற்கு அப்பெயரே சான்று.

மலைநாட்டுத் தமிழ் என்றவுடன் நாட்டார் பாடலைச் சொல்லி நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. அப்பாடல்களின் பெருமை சிறிதன்று. நுவரெலியா மாவட்டத்து மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தேடித் தொகுத்தார். இலயங்களிலும் கொழுந்து மலைகளிலும் செவிவழியே வாழ்ந்தவை அவை. ஆயினும் அந்தச் செவிச்செல்வம் ஒன்றே மலைநாட்டின் உடைமை என்று கொண்டால், அதே மலைகளில் இலக்கணம் துருவி எழுத்தெண்ணிப் பாடிய ஒருவரை நாம் வெளியே நிறுத்தியவராவோம். கோப்பி நோய் கண்ட அதே 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மியாகப் பாடி, ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்று அச்சிட்டிருந்தார். ஓசைப் பாட்டும் எழுத்துப் பாட்டும் ஆகிய இரண்டுமே அம்மலைகளில் இடம் பெற்றன.

இன்னொன்றும் சொல்லாமல் விடலாகாது. பாம்பின் உடலில் செய்யுளைத் தேடிக் கண்டு மகிழ்வதற்கு எழுத்தறிவு வேண்டும். தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு ஏற்பாடு செய்யுமாறு துரைமாரைப் பணித்த கட்டளைச் சட்டம் வந்ததே 1907இல்தான். அதுவரையில் தொழிலாளியின் வாழ்வில் எழுத்து என்பது பெரும்பாலும் இரண்டு தாள்களாகவே இருந்தது. ஒன்று செக்றோல்: பெயர்கள் கீழ்நோக்கியும் நாட்கள் குறுக்காகவும் ஓட, கட்டத்துக்கொரு குறியாகப் பேர் பதியப்பட்ட ஏடு. மற்றொன்று துண்டு: கடன் தீர்ந்ததென்று காட்டி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக உதவிய சீட்டு, அம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. கட்டங்கள் நிறைந்த செக்றோலைக் கணக்கப்பிள்ளை படித்தார். அதில் தன் பெயர் எங்கே இருக்கின்றதென்று பலரால் காண இயலவில்லை. அருள்வாக்கியின் சித்திரகவிகள் அக்காலத்தில் இலயங்களை எட்டாமற்போனதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

உருவக் கவிதை தமிழுக்கோ வடமொழிக்கோ மட்டும் உரியதன்று. கிரேக்கத்துச் சிம்மியாசு என்னும் புலவர் கிறித்துவுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் சிறகு வடிவிலும் முட்டை வடிவிலும் கவி செய்தார். ஆங்கிலேயராகிய ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் சிறகு வடிவப் பாடல் 1633இல் அச்சேறியது. பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர், அமைதிக் காலத்திலும் போர்க்காலத்திலும் தாம் எழுதிய கவிதைகளைக் ‘கலிகிராம்’ என்னும் பெயரால் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில் மழை பெய்வதுபோல எழுத்துக்கள் சரிந்து இறங்குகின்றன. அந்நூல் வெளிவந்தது 1918இல். அவர் இறந்ததும் அவ்வாண்டிலேயே. மழைக்குக் குறைவில்லாத கண்டி மலைநாட்டுப் புலவர் அப்துல் காதிறு மறைந்ததும் அதே 1918இல்.