நாடாவும் பட்டமும்: ஒரு சொல்லாராய்ச்சி

சிவகங்கை மாவட்டத்துக் கீழச்சிவல்பட்டியில் ஆடை தைப்பார் 'நாடா' என்பது பாவாடையை இடையில் இறுக்கும் பட்டையினை. காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி நெய்வார் 'நாடா' என்பது பாவினூடே ஊடையிழையைக் கொண்டு செல்லும் தறிக்கருவியினை. 1733-இல் சான் கே என்பார் இங்கிலாந்தில் அமைத்த கருவியையும் நம் பாடநூல்கள் 'பறக்கும் நாடா' என்றே வழங்குகின்றன. இரண்டிலும் நூலின் தொடர்பு உண்மையின், ஒன்றினின்று மற்றது பிறந்தது எனத் துணிதல் எளிது. அத்துணிவிற்குச் சான்று வேண்டும். ஆடை நாடா இந்துத்தானிச் சொல்லோடு தொடர்புடையது. பொருளை வேறுபடுத்திக் காட்டுவது உடன்வரும் வினையே. ஒரு நாடா கட்டப்படும், மற்றொன்று ஓடும்.

பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையானும் இனத்தானும் சார்பானும் தெளியப்படும் என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்துட் கூறிய நெறி. உரையாசிரியர் காட்டும் 'மா' பூக்குமாயின் மரம், ஓடுமாயின் விலங்கு. இந்நெறி பொருளை விளக்குவதோடு அமையாது, சொல்லின் வரலாற்றையும் காட்டும் என்பது எம் கருத்து.

'ரிப்பன்' என்னும் ஆங்கிலச் சொல்லை நோக்குக. 'ரிப்பன் கட்டினாள்' எனின் கூந்தலும், 'ரிப்பன் வெட்டினார்' எனின் திறப்பு விழாவும் நினைவிற்கு வருகின்றன. 1913-இல் திறக்கப்பெற்ற சென்னை ரிப்பன் மாளிகையிலோ இச்சொல்லே இல்லை. அது 1880 முதல் 1884 வரை அரசப் பிரதிநிதியாயிருந்த ரிப்பன் பிரபுவின் பெயர். ஆங்கிலத்தில் வேறுபடும் இரு சொற்களும் தமிழெழுத்தில் ஒன்றாயின. ஈண்டுப் பொருளைத் தெளிவிப்பது சார்பு.

இனிப் 'பட்டம்' என்பதற்கு வருவோம். நெற்றியில் அணியும் பொற்றகடும், சிறப்புப் பெயரும், அரசுரிமையும் இச்சொல்லாற் குறிக்கப்பெற்றன. அரசுரிமை கட்டக்கூடிய பொருளன்று. எனினும் 'பட்டம் கட்டினர்' என்றே வழங்கினர். நெற்றியிற் கட்டிய பழம்பொருள் பெயரினின்று மறைந்த பின்னும், வினை அதனைக் காத்து நின்றது. கோயில்களிற் சிறப்புச் செய்யப்பெறுவார்க்கு இன்றும் தலையிற் பரிவட்டம் கட்டுதல் காண்கின்றோம். சொல் வேறாயினும், தலையிற் கட்டுதலே மதிப்பாதல் ஈண்டும் ஒன்றே.

பிரான்சிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. மூன்றாம் என்றி மன்னன் 1578-இல் நிறுவிய வீரர் குழுவினர் நீலப் பட்டை அணிந்தனர். 'நீலப் பட்டை' என்னும் அத்தொடர் பின்னர்ச் சமையற் கலையிற் சிறந்தாரைக் குறிப்பதாயிற்று. கட்டும் பொருள் மதிப்பாக மாறுதல் ஒரு மொழிக்கே உரியதன்று.

பல்கலைக்கழகப் பட்டத்தையோ நாம் 'பெறுகின்றோம்', கட்டுவதில்லை. வினை மாறியவுடன் நெற்றிப்பட்டையின் நினைவும் அற்றது. ஆதலின் சொல் தொகுக்கப் புகும் ஆய்வு மாணவர், தறியினும் தையலினும் வழங்கும் பெயர்களை மட்டும் குறித்து அமைதல் கூடாது. அவற்றொடு வரும் வினைகளையும் உடன் குறித்தல் வேண்டும். பெயர் மட்டும் எஞ்சுமாயின், நாடா எது, எந்நாடா என்பதனையும் பிற்காலத்தார் அறியார்.