எழுபது ஆலைகளைச் சுற்ற வைத்த சின்ன ஆறு

தேம்ஸ் நதியைத் தெரியாதவர் இல்லை. 'வாட்டர் ஆஃப் லீத்' என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குள் ஓடும் ஆறு இது. மொத்த நீளமே சுமார் 35 கிலோமீட்டர்தான். பல இடங்களில் இக்கரையில் நின்றபடி அக்கரையில் இருப்பவரோடு பேசிக்கொள்ளலாம். ஆனால் அந்த நகரத்துக்கு இது உழைத்த உழைப்பு கொஞ்சமல்ல.

நகருக்குத் தென்மேற்கே பென்ட்லண்ட் குன்றுகளில் பிறந்து பலெர்னோ, கரி, கோலின்டன் வழியாக வேகமாக இறங்குகிறது. அந்த இறக்கம்தான் இதன் செல்வம். ஒரு காலத்தில் கரையோரம் எழுபதுக்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன. மாவு, காகிதம், துணி என்று எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீர்தான் சக்கரம் சுற்றியது. மூக்குப்பொடிக்குக்கூட ஆலை உண்டு! கோலின்டனில் பொடி அரைத்துப் பணக்காரரான ஜேம்ஸ் கில்லெஸ்பி 1797இல் இறந்தபோது, முதியோர் இல்லத்துக்கும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கும் சொத்தை எழுதிவைத்தார். பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் நகரம் குன்றுகளின் ஊற்றுநீரைக் குடிநீருக்கு எடுத்துக்கொண்டது. ஆற்றில் நீர் குறைந்தால் ஆலை நின்றுவிடுமே! அதற்கு ஈடாகத்தான் மலையில் திரீப்முயர், ஹார்லா நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். குடிப்பதற்காக அல்ல, சக்கரம் நிற்காமலிருப்பதற்காக.

கீழே டீன் கிராமம், ரொட்டிக்கு மாவரைத்த இடம். ரொட்டியும் அடுப்புத் துடுப்பும் செதுக்கிய கல்லை இன்றும் அங்கே பார்க்கலாம். தாமஸ் டெல்ஃபோர்ட் 1830களின் தொடக்கத்தில் கட்டிமுடித்த பாலம், பள்ளத்தாக்குக்கு மேலே நூறடிக்கும் அதிகமான உயரத்தில் நிற்கிறது. சற்றுத் தள்ளி செயின்ட் பெர்னார்ட் கிணறு. அதன் கந்தக நீர் நோய் தீர்க்கும் என்று நம்பி மக்கள் குடித்தார்கள். அவர்கள் காலடியில் ஓடிய ஆறோ, ஆலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் கலந்து நாறிக்கொண்டிருந்தது. ஊருக்கே சோறு போட்டதற்குக் கிடைத்த கைம்மாறு அது.

பிறகு கழிவுக்குத் தனிக் குழாய் போட்டார்கள். ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. காகித ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றிய ரயில் பாதை இன்று நடைபாதை. நீரில் டிரவுட் மீன், கரையில் நீர்நாய், மீன்கொத்தி.

கடைசியில் லீத் துறைமுகம். 1969இல் அங்கே மதகு அமைத்த பிறகு கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் வருவதில்லை. அத்தனை சக்கரங்களைச் சுற்றிய தண்ணீர், அங்கே அசையாத கண்ணாடிபோல் நிற்கிறது. நம் போன்றவர்களைப் போல அதுவும் பணி ஓய்வு பெற்றுவிட்டது. ஓய்வுக்குப் பிறகுதான் அதன் உடம்பு தேறியது!