தலைசுற்றல்: உட்செவியில் கிடைத்த விடை

சஜ்தாவிலிருந்து எழும்போதும் படுக்கையில் புரளும்போதும் உலகமே சுழன்று குமட்டுவதாக முதியோர் பலர் கூறுவர். ‘பித்தம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஐரோப்பிய மருத்துவர்களும் நெடுங்காலம் தலைசுற்றலை மூளை நோயென்றே கருதினர். அது உட்செவியிலிருந்தும் எழலாம் என 1861இல் பாரிஸ் மருத்துவர் மெனியேர் எடுத்துரைத்தார். தலையின் நிலை மாறும்போது மட்டும் வரும் சுழற்சியை 1921இல் ராபர்ட் பாரனி விவரித்தார். நோயாளியைச் சட்டெனச் சாய்த்துக் கண்ணசைவைக் கவனிக்கும் சோதனையை 1952இல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் வகுத்தனர். உட்செவியின் நுண்ணிய சுண்ணத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுவதே காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. தலையைப் படிப்படியாகத் திருப்பி அத்துகள்களை வெளியேற்றும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் விரிவாக வெளியிட்டார். மருந்தும் அறுவையும் இன்றிப் பலர் அதனால் குணமடைகின்றனர்.

ஆயினும் எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் குறைவதும், உட்செவி நரம்பின் அழற்சியும் இத்தகைய துன்பம் தரும். ஆகவே மருத்துவரை நாடிக் காரணம் அறிக. பேச்சுக் குழறலோ, கைகால் தளர்ச்சியோ, கடும் தலைவலியோ சேர்ந்தால் தாமதியாது மருத்துவமனை செல்க.

நிற்க இயலாதவர் அமர்ந்தும், குனிய இயலாதவர் சைகையாலும் தொழலாம். மார்க்கம் தந்த சலுகை அது. தலைசுற்றலுக்கு அஞ்சித் தொழுகையைக் கைவிடவும் வேண்டாம். சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.