லாரியின் மேல் ஒரு வீடு

வீடு ஓரிடத்தில் நிற்பது. லாரியோ ஓடுவதற்கென்றே பிறந்தது. இவ்விரண்டும் ஒன்றாகச் சென்ற ஒரு பயணத்தின் வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் தம் நாட்டைப் பற்றியே எழுதி வந்தவர். ஆயினும், அதனை நேரில் கண்டு பல்லாண்டுகள் கழிந்துவிட்டன என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே 1960-ஆம் ஆண்டில், தமது 58-ஆம் வயதில், முக்கால் டன் லாரி ஒன்றின் பின்தளத்தில், படுக்கையும் அடுப்பும் கொண்ட சிறு வீட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். டான் குவிக்ஸோட்டின் குதிரையை நினைந்து அவ்வண்டிக்கு ‘ரோசினான்டே’ எனப் பெயரிட்டார். சார்லி என்னும் நாயே வழித்துணை. சுற்றிய தொலைவு ஏறத்தாழ 10,000 மைல்.

இத்தகைய வீட்டை லாரியில் பொருத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. பாரத்தின் மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னே அமைதல் வேண்டும். அது பின்னே விலகினால் முன்சக்கரங்களின் பிடி தளரும். வண்டி ஓட்டுபவன் கைக்கு அடங்காது. நான்கு மூலைகளிலும் வீட்டை இறுகப் பிணைத்தலும் இன்றியமையாதது. லாரி தாங்கும் எடைக் கணக்கில் வீடு மட்டுமன்று, உள்ளிருக்கும் பொருள்களும் சேரும். ஸ்டைன்பெக் தேவைக்கு மிகுதியாகவே பொருள்களை ஏற்றியிருந்தார். ஆரிகன் மாநிலத்தில், கொட்டும் மழையில், டயர் வெடித்தது. மிகுபாரமும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

பயண நூல் 1962-இல் வெளிவந்தது. அந்த லாரி கலிபோர்னியாவில், அவர் பிறந்த சலினாஸ் நகரின் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டுள்ளது. நாட்டை அறியப் புறப்படுவோர் முதலில் தம் சுமையை அறிதல் வேண்டும் என்பதே அது நமக்குக் கூறும் செய்தி.